மாற்றுவது எது, மாறுவது எது? கிராஃப் தாளை எடுக்கும் முன் சில குறிப்புகள்

அறிவியல் கண்காட்சி என்று பள்ளியிலிருந்து தகவல் வந்துவிட்டால் பாதி வேலை பெற்றோர் தலையில்தான் விழும். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல் எல்லாம் ஒரே மாலையில் வாங்கிவிடலாம். சோதனையைச் செய்து எண்களைக் குறித்தும் விடலாம். அதற்குப் பிறகு, "இதுக்கு எந்த கிராஃப்பா போடணும்?" என்று பிள்ளை கேட்கும்போதுதான் வீடே முழிக்கும். கம்ப்யூட்டரில் எண்களைக் கொடுத்தால் அது பத்து வகைப் படத்தை வரிசையாகக் காட்டும். பார்க்க அழகாக இருப்பதை நாமும் தேர்ந்தெடுத்துவிடுவோம். படத்தைத் தேடும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது முடிந்தால் படத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

1. எந்தச் சோதனையானாலும் முதலில் இரண்டே கேள்விகள். நாம் கை வைத்து மாற்றுவது எது? அதனால் என்ன ஆகிறது என்று அளந்து பார்ப்பது எது? முதலாவது சாரா மாறி. இரண்டாவது சார்ந்த மாறி. தயிருக்கு உறை விடும்போது பால் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை நீங்கள் மாற்றலாம், ஆகவே அது சாரா மாறி. தயிர் உறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது உங்கள் கையில் இல்லை, பாலின் சூட்டைப் பொறுத்தது. அது சார்ந்த மாறி.

2. நோட்டின் முதல் பக்கத்தில், "……ஐ மாற்றினால் …… எப்படி மாறும்?" என்று எழுதி, இரண்டு கோடிட்ட இடங்களையும் பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியவில்லையென்றால் அது சோதனையே இல்லை, வேடிக்கை. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை பொங்க வைப்பது இந்த ரகம்தான். ஆண்டுதோறும் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இரண்டு எரிமலையாவது பொங்கிக்கொண்டிருக்கும். அதையே சோதனையாக்குவது கஷ்டமில்லை. ஒரே அளவு வினிகரை நாலு பாட்டிலில் ஊற்றி, அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன், ஒன்றரை, இரண்டு என்று சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் பலூனை மாட்டி, பலூனின் சுற்றளவை நூலால் அளக்கட்டும். சோடாவின் அளவை மாற்றினால் பலூனின் சுற்றளவு எப்படி மாறும்? இரண்டு இடமும் நிரம்பிவிட்டன. ஒரு கட்டத்துக்கு மேல் சோடாவைக் கூட்டினாலும் பலூன் பெருக்காது, ஏனென்றால் வினிகர் தீர்ந்திருக்கும். எரிமலை இதைச் சொல்லித் தராது.

3. ஒன்றை மாற்றும்போது மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். தயிர்ச் சோதனையில் ஒரே பாக்கெட் பால், ஒரே மாதிரிக் கிண்ணம், ஒரே ஸ்பூன் உறை, ஒரே இடம். ஒரு கிண்ணம் அடுப்பு மேடையிலும் இன்னொன்று ஜன்னலோரத்திலும் இருந்தால் பதில் பாலின் சூட்டால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. மார்கழிக் குளிரில் தயிர் உறையாமல் போவது ஏன் என்று பாட்டிகளுக்குத் தெரியும். உறையில் இருக்கும் லேக்டிக் அமில பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை இதமான சூடு. ஆறிப்போன பாலில் அது மெதுவாக வேலை செய்யும். கொதிக்கக் கொதிக்க விட்டால் செத்தே போகும். அதனால் இந்தச் சோதனையின் படத்தில் நேரம் முதலில் குறைந்து, பிறகு ஏறும். ஆறிய பால், இளஞ்சூடு, நல்ல சூடு, கொதிநிலை என்று நாலு கிண்ணமாவது வைத்தால்தான் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியும். இரண்டே கிண்ணம் வைத்தால் ஏறியதா இறங்கியதா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

4. "நன்றாக வெந்தது" என்பது அளவு இல்லை. கொண்டைக்கடலையை எத்தனை மணி நேரம் ஊறவைக்கிறோம் என்பது சாரா மாறி என்றால், வெந்ததை எப்படி எண்ணாக்குவது? ஒரே விசில் கணக்கில் வேகவைத்து, இருபது கடலையை எடுத்து, இரண்டு விரலால் நசுக்கினால் எத்தனை மசிகிறது என்று எண்ணலாம். தயிருக்கு, கிண்ணத்தை அரை மணிக்கொரு தடவை லேசாகச் சாய்த்துப் பார்த்து, ஓடாமல் நின்ற நேரத்தைக் குறிக்கலாம். ருசி என்றால், எது எந்தக் கிண்ணம் என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லலாம். கண்ணை மூடச் சொல்வது இன்னும் நல்லது. பேத்தி செய்தது எது என்று தெரிந்தால் தாத்தா பத்துக்குப் பன்னிரண்டு போடுவார்.

5. சாரா மாறி படுக்கைக் கோட்டில், அதாவது எக்ஸ் அச்சில். சார்ந்த மாறி நிற்கும் கோட்டில், ஒய் அச்சில்.

6. ப்ளஸ் ஒன் பொருளாதாரம் படிக்கும் பிள்ளை இதைக் கேட்டால், "எங்க புத்தகத்துல விலைதான் சாரா மாறி, ஆனா அது ஒய் அச்சுல இருக்கே!" என்று மடக்கும். மடக்கட்டும், பிள்ளை சொல்வது சரிதான். ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் விலையை நிற்கும் கோட்டில் வைத்தார். அந்தத் துறை இன்றுவரை அதையே பின்பற்றுகிறது. தேர்வில் புத்தகம் போட்டபடியே போடச் சொல்லுங்கள்.

7. நேரம், தேதி, வயது மூன்றையும் யாராலும் மாற்ற முடியாது. ஆனாலும் அவை எக்ஸ் அச்சில்தான் வரும், ஏனென்றால் மற்றவை அவற்றோடு சேர்ந்து நகர்கின்றன. இதற்கு வீட்டிலேயே உள்ள நல்ல உதாரணம் அங்கன்வாடியில் தரும் குழந்தை எடை அட்டை. கீழே வயது மாதத்தில், பக்கத்தில் எடை கிலோவில். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளை ஒட்டி வரைந்த கோடுகள் அதில் ஏற்கெனவே இருக்கும். உங்கள் குழந்தையின் புள்ளிகளை அவற்றின் மேல் இணைத்துக்கொண்டே வருவார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் புள்ளியோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதால் பயனில்லை. பார்க்க வேண்டியது உங்கள் குழந்தையின் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பதை. கோடு படுத்தால் செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள்.

8. ஒரே பொருள் ஒரு படத்தில் சார்ந்த மாறியாகவும் இன்னொன்றில் சாரா மாறியாகவும் வரலாம். மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று பார்த்தால் மழை சார்ந்த மாறி. அத்தனை மில்லிமீட்டர் பெய்தால் நம் வீட்டுத் தொட்டியில் எத்தனை லிட்டர் சேரும் என்று பார்த்தால் அதே மழை சாரா மாறி. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் இந்தச் சோதனைக்கு வேண்டிய குழாய் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் சேர வேண்டும். சேராது. தளம் கொஞ்சம் குடிக்கும், முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டிருப்போம், கொஞ்சம் தெறித்துப் போகும். காகிதத்தில் வர வேண்டிய கோடு ஒன்று, தொட்டியில் அளந்த கோடு ஒன்று என்று இரண்டையும் ஒரே தாளில் போட்டால் இடையில் உள்ள வித்தியாசமே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

9. இப்போது படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் சாரா மாறி பெயரா, எண்ணா என்று கேளுங்கள். மண் சட்டி, எவர்சில்வர், கண்ணாடி என்பவை பெயர்கள். 1 மணி, 2 மணி, 3 மணி என்பவை எண்கள். பெயராக இருந்தால் பட்டை விளக்கப்படம். தொடர்ந்து நகரும் எண்ணாக இருந்தால் கோட்டு வரைபடம். மண் சட்டிப் புள்ளியையும் எவர்சில்வர் புள்ளியையும் கோட்டால் இணைத்தால், நடுவில் பாதி மண், பாதி எவர்சில்வர் பாத்திரம் ஒன்று இருக்க வேண்டும்! ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஒன்றரை மணி உண்மையிலேயே இருக்கிறது. அதனால் அங்கே கோடு நியாயம்.

பட்டை விளக்கப்படம் பிறந்த கதையே இதுதான். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட புத்தகத்தில் இங்கிலாந்தின் வணிகத்தை ஆண்டு வாரியாகக் கோடுகளால் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு வந்தபோது கையில் ஓராண்டுக் கணக்குதான் இருந்தது. நேரமே இல்லாமல் கோடு எப்படி ஓடும்? எந்தெந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி என்று 17 இடங்களுக்குப் பட்டைகளாகப் போட்டுவிட்டார். ஆண்டு எண், நாடு பெயர். அவர் மாற்றியதற்கான காரணம் நம் கேள்விக்கான விடையும்கூட.

10. கோட்டு வரைபடத்துக்கு இட்லி மாவைவிட நல்ல பொருள் கிடையாது. நேரான சுவருள்ள கண்ணாடி டம்ளரில் அரைத்த மாவைக் கால் பாகம் ஊற்றி, வெளியில் காகித அளவுகோலை ஒட்டி, மணிக்கொரு முறை உயரத்தைக் குறியுங்கள். அரிசி, உளுந்து விகிதமும் உப்பும் எல்லா டம்ளரிலும் ஒன்றாக இருக்கட்டும். முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காது, பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள். மாவிலிருக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்கத் தொடங்கியதும் கோடு செங்குத்தாக ஏறும். பிறகு தளரும். அப்படியே விட்டால் மாவு அமுங்கி, கோடு இறங்கவும் செய்யும். இட்லி ஊற்ற வேண்டிய நேரம் அந்த உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான் என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும்.

ஒரு டம்ளரை வெளியிலும் இன்னொன்றைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள்ளும் வைத்தால் சாரா மாறி இரண்டாகிவிடுகிறது: நேரமும் சூடும். பயப்பட வேண்டாம். நேரம் எக்ஸ் அச்சில் இருக்கட்டும். சூட்டை ஆளுக்கொரு நிறக் கோடாக்கிவிடுங்கள். நாலு கோட்டுக்கு மேல் போனால் கண் குழம்பும்.

இரவெல்லாம் யார் குறிப்பது? சாயங்காலம் அரைக்காமல் காலையில் அரையுங்கள்.

11. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில், வெறும் வயிற்று அளவையும் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவையும் ஒரே கோட்டில் வரிசையாக இணைத்து வைத்திருப்பார்கள். அது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், பார்த்தாலே படபடப்பு வரும். இரண்டும் வேறு வேறு அளவுகள். வெறும் வயிற்றுக்கு ஒரு நிறம், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததற்கு இன்னொரு நிறம் என்று இரண்டு கோடுகளாகப் பிரித்துப் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். மாத்திரை மாற்றிய தேதியில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து வைத்தால் அவருக்கு இன்னும் உதவி.

12. வட்ட விளக்கப்படம் ஒரு முழுமையைப் பங்கு போட மட்டும். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். வாடகை 9,000, மளிகையும் காய்கறியும் 7,500, பள்ளிக்கட்டணம் 5,000, மற்றவை 5,000, சேமிப்பு 3,500. ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து 360ஆல் பெருக்கினால் 108, 90, 60, 60, 42 டிகிரி. கூட்டினால் 360 வர வேண்டும், வராவிட்டால் ஏதோ ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. இந்த வகைப் படத்தையும் முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அதே பிளேஃபேர்தான், 1801இல்.

13. வட்டத்தை எங்கே போடக்கூடாது என்பதுதான் முக்கியம். "காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டால் ஒருவரே இட்லி, தோசை, பொங்கல் மூன்றையும் சொல்வார். சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். அங்கே பட்டைதான். ஆறு பங்குக்கு மேல் போனாலும் வட்டம் வேண்டாம். இந்த ஆண்டையும் போன ஆண்டையும் ஒப்பிடப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம் போடுவதும் வேண்டாம். கண் நீளத்தைச் சரியாக ஒப்பிடும், கோணத்தை ஒப்பிடாது. பொங்கிய அப்பளம் மாதிரி முப்பரிமாணத்தில் சாய்த்துப் போடும் வட்டத்தை அடியோடு ஒதுக்கிவிடலாம். முன்னால் இருக்கும் பங்கு எப்போதும் பெரிதாகத் தெரியும்.

14. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடலாமா? பெயர்களாக இருந்தால் விடுங்கள். முருங்கைக்காயின் நீளத்தை அளந்து 20–30, 30–40, 40–50 சென்டிமீட்டர் என்று பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலும் எத்தனை காய் என்று காட்டினால் இடைவெளி விடக்கூடாது. அது நிகழ்வுச் செவ்வகம். வகுப்பு மதிப்பெண்களுக்கும் அப்படித்தான்.

15. யாரும் எதையும் மாற்றாமல், இரண்டு அளவுகளை மட்டும் எடுத்திருந்தால் சிதறல் படம். குடியிருப்பில் உள்ள பிள்ளைகளின் பாத நீளமும் உயரமும் என்று வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைக்கக்கூடாது, கூட்டமாக எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் 205 குடும்பங்களில் வளர்ந்த 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோரின் உயரத்தோடு வைத்துப் பார்த்தார். பெண்கள் சராசரியாகக் குள்ளம் என்பதால் அவர்கள் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஈடுசெய்தார். நெட்டையான பெற்றோருக்குப் பிறந்தவர்கள் சராசரியைவிட நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை என்று கண்டார். "அப்பா இவ்ளோ உயரம், பையன் ஏன் இப்படி?" என்று கேட்கும் உறவினர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

16. இரண்டு கோடு சேர்ந்து ஏறினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நுங்கு வண்டிகள் பெருகும் வாரங்களில் வேர்க்குருவும் பெருகும். நுங்கு தின்றா வேர்க்குரு வந்தது? இரண்டையும் கொண்டுவந்தது கத்திரி வெயில். நாம் மாற்றிப் பார்க்காத எதையும் "காரணம்" என்று சொல்லும் முன் ஒதுங்கி நிற்கும் மூன்றாவது ஆள் யார் என்று தேடச் சொல்லுங்கள்.

17. பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 96க்கும் 98க்கும் போடும் பட்டைகளை 95இல் தொடங்கினால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு உயரமாக நிற்கும். விளம்பரங்களில் "எங்கள் தயாரிப்பு", "மற்றவை" என்று இரண்டு பட்டை வந்தால், பக்கத்தில் எண்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் அது படம் வரைந்தவரின் ஆசை. கோட்டு வரைபடம் வேறு எண்ணிலிருந்து தொடங்கலாம். ஆனால் அச்சில் வளைவுக் குறி போட்டுக் காட்டிவிட வேண்டும்.

18. கரண்ட் பில்லில் யூனிட் சாரா மாறி, தொகை சார்ந்த மாறி. ஆனால் கோடு நேராகப் போகாது. தமிழ்நாட்டில் 2016இல் முதல் 100 யூனிட்டை இலவசமாக்கியபோது கோட்டின் தொடக்கம் தரையோடு படுத்தது. அதற்குப் பிறகு படிப்படியாக விலை கூடுவதால் கோடு வரவரச் செங்குத்தாகும். 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளின் கணக்கும் மாறுவதால் ஒரே யூனிட்டில் தொகை சட்டென்று எகிறும். இதைப் பழைய பில்களை வைத்தே பிள்ளைகள் வரைந்துவிடலாம். ஏசியின் சூட்டை ஒரு டிகிரி கூட்டி வையுங்கள் என்று நூறு தடவை சொல்வதைவிட இந்தப் படத்தை ஹாலில் ஒட்டிப் பாருங்கள். ஒப்பிடும்போது ஏப்ரலை டிசம்பரோடு ஒப்பிடாமல் போன ஆண்டு ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். ஜோடி ஜோடியாகப் பட்டை போட்டால் போதும்.

19. தலைப்பு, இரண்டு அச்சின் பெயர், அலகு, அளவுத்திட்டம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். கோடு சரியாக வந்தும் அளவுத்திட்டம் எழுதாமல் மதிப்பெண் போவது சகஜம்.

20. ஒரே அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்கள். ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றால் அதை ரப்பரால் அழிக்க வேண்டாம். மறுபடி அளக்கட்டும். மறுபடியும் அங்கேயே நின்றால் அதையும் போட்டு, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதட்டும். மூன்றாவது டம்ளர் மாவில் உப்பு போட மறந்திருக்கலாம்.

21. கண்காட்சி அன்று நடுவர் பெரும்பாலும் கேட்பது, "நீ எதை மாற்றினாய், எதை அளந்தாய், ஏன் இந்தப் படம்?" என்ற மூன்றைத்தான். முதல் நாள் இரவு வீட்டில் யாராவது நடுவராக உட்கார்ந்து இதைக் கேட்டுப் பழக்குங்கள். மேசையில் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. தயவுசெய்து பின்னால் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.